தென்னையைத் தின்ற காளான்

எங்கள் தோட்டத்தில் பதினோரு தென்னை மரங்களைக் கொன்ற காளானை வேகவைத்து, வடிகட்டி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி எனக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குடித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதிமூன்று நாள். வெட்டிக்கொண்டு வந்தது என் கூடப் பிறந்த அண்ணன். நான் பிழைக்க வேண்டும் என்றுதான் வெட்டினான். அதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. வேண்டாதவன் கொடுத்திருந்தால் அப்போதே துப்பியிருப்பேன்.

எங்கள் நிலம் வெண்ணந்தூருக்குப் பக்கம். பாதி மரவள்ளி, பாதி தென்னை. வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வருசத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். அதனால் தோட்டம் என் கையில். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் தோட்டம்.

சில வருசங்களுக்கு முன்னால் கிணற்றோரத்து மரம் ஒன்றின் அடியில் பட்டை வெடித்து, செம்பழுப்பாகச் சாறு வடிந்தது. அடிமட்டைகள் காய்ந்து தண்டைச் சுற்றித் தொங்கின. குரும்பை கொட்டியது. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இரண்டு பாய்ச்சல் கூடவே விட்டேன். அந்தத் தண்ணீரே நோயைப் பக்கத்து மரங்களுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மழைக்குப் பிறகு மரத்தின் தூரில் காளான் முளைத்தது. குப்பைமேட்டில் முளைக்கிற குடைக்காளான் மாதிரி இல்லை. மரத்தோடு ஒட்டிக்கொண்டு, அரை வட்டமாக, மேலே வார்னிஷ் அடித்ததுபோலப் பளபளவென்று சிவப்பு, ஓரத்தில் வெள்ளை. கையால் பிய்த்தால் வராது. கொடுவாளால் கொத்த வேண்டும்.

தோட்டக்கலை ஆபீசர் வந்து பார்த்தார். "காளான் வெளிய வந்துட்டா உள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்மா. இந்த மரத்தை விட்டுருங்க. பக்கத்து மரங்களைப் பாருங்க" என்றார். அவர் சொன்னபடி செய்தேன். செத்த மரத்தைச் சுற்றிக் குழி வெட்டினேன். வேப்பம் புண்ணாக்கு போட்டேன். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தூரிலும் கட்டையிலும் நீலமாகப் பூசினேன். நோய் தொடங்கிய மரங்களுக்கு வேரில் மருந்து கட்டினேன். மண்ணைப் பறித்து, பென்சில் தடிமனில் உயிருள்ள வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, சாய்வாகச் சீவி, மருந்து ஊற்றிய பிளாஸ்டிக் பைக்குள் அதன் நுனியை விட்டுக் கட்டிவிட வேண்டும். மரம் உறிஞ்சிக்கொள்ளும். கட்டினால் ஒன்றரை மாதத்துக்குக் காய் பறிக்கக் கூடாது. மருந்து காய்க்குள் இருக்கும்.

அந்த மருந்தை எனக்கு விற்றவர் ராசிபுரத்தில் உரக்கடை வைத்திருந்தவர். எனக்கு மாமன் முறை. அவரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

முதலில் நான் கவனிக்காமல் விட்ட பதினோரு மரங்களும் செத்தன. மருந்து கட்டிய மரங்களில் பெரும்பாலானவை நின்றன. அண்ணனும் நானும் சேர்ந்தே கட்டினோம். செத்த மரங்களை வெட்டி எரித்தோம். கிணற்றோரம் இரண்டு கட்டைகளை மட்டும் தோண்ட முடியவில்லை. பாறைக்குள் வேர் போயிருந்தது. நீலத்தைப் பூசி அப்படியே விட்டுவிட்டோம்.

அப்புறம் எனக்கு வந்தது.

குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, வலி இல்லை. கிழங்கு பிடுங்குகிற சமயம். ஆள் கிடைப்பதே பெரிய பாடு. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மரத்தில் சாறு வடிந்தபோது தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள், என் உடம்பிலும் அதையே செய்தேன். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. என் முட்டாள்தனம்.

சேலத்தில் ஆஸ்பத்திரி. சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்றார்கள். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிறகு டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு ஊசி. முதல் நாலு ஒரு மருந்து, அடுத்த நாலு வேறு மருந்து. அதற்குப் பிறகு கரண்ட் வைப்பார்கள். கதிர்வீச்சை எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்கிறோம்.

"எட்டும் போட்டுக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார். "நிறுத்தினா போட்டதும் வீணாப் போயிடலாம்."

சரி என்றேன். எட்டு என்றால் எட்டு. அன்றிலிருந்து என் கணக்கில் வேறு எண் கிடையாது.

முதல் மருந்து சிவப்பு. ரோஸ்மில்க்கைவிடக் கெட்டிச் சிவப்பு. ஸ்டாண்டில் தொங்கிய பையையும் என் கையில் செருகிய ஊசியையும் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற அண்ணனிடம் சொன்னேன்.

"இது நாம தென்னைக்குக் கட்டுனாப்பலயே இருக்குது பாரு."

"வாய மூடிட்டுப் படு, அம்மிணி" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு என் ஜோக்குகள் எப்போதும் பிடிக்காது.

ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. முதல் வாரம் நாய்படாத பாடு. சோற்று வாசம் ஆகாது, வாயில் புண், தண்ணீர்கூட இரும்பு மாதிரி ருசிக்கும். இரண்டாவது வாரம் எழுந்து உட்காரலாம். மூன்றாவது வாரம் ரசம் சோறு இறங்கும், தோட்டத்துக்கு ஒரு நடை போய் வரலாம். அதற்குள் அடுத்த ஊசி. இரண்டாவது ஊசிக்குள் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. மீதியை நானே மழித்துக்கொண்டேன்.

பார்க்க வந்த சொந்தக்கார உறம்பரை எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். முள்சீத்தா இலை, பப்பாளி இலை, மாட்டுக் கோமியம், கருஞ்சீரகம். ஒருத்தி வந்து என் தலையைப் பார்த்துவிட்டு, "இங்கிலீசு மருந்து உள்ள போனா ஆளையே உருக்கிப்போடுமுங்க" என்று என்னிடமே சொல்லி, என் வீட்டுக் காபியையே குடித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது ஊசி போட்டு ஐந்தாவது நாள் உரக்கடை மாமா வந்தார். கடையை மூடி ரொம்ப நாள் ஆகிவிட்டது. டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே வெள்ளை டப்பாக்கள். மாத்திரைக் கூட்டில் அடைத்த காளான் பொடி. வழவழப்பான தாளில் ஒரு நோட்டீஸ். அதில் சிவப்பாகப் பளபளக்கிற ஒரு காளானின் படம்.

"சீனாக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் ராஜாவுக்கு மட்டும் கொடுத்து வெச்சிருந்த காளான் சாமி இது" என்றார். "புத்துநோய்க் கட்டிய இது தேடித் தேடித் தின்னும். பக்க விளைவே கெடையாது. ஊசிய நிறுத்திப்போட்டு இதத் தின்னவியெல்லாம் இன்னைக்கு வண்டி ஓட்டிட்டுத் திரியறாங்க."

நான் குமட்டலோடு படுத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வரும். அதனால் பேசவில்லை. டப்பா விலையைக் கேட்டதும் அண்ணன் நோட்டீசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமா போன பிறகு என் கட்டில் அருகே வந்தான்.

"ஏம்புள்ள, இது நம்ம கிணத்தோரக் கட்டையில நிக்குதே."

படத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பார்த்தேன். அச்சு அசல் அதேதான். அரை வட்டம், வார்னிஷ் சிவப்பு, ஓரத்தில் வெள்ளை.

"அவிய டப்பால அடைச்சு விக்கிறத சாமி நம்ம காட்டுலயே மொளைக்க வெச்சிருக்குது. நாமதான் கொள்ளி வெச்சுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றான்.

இப்போது படிக்கிற உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்களுக்கு இல்லை. மரத்தையே தின்கிற சக்தி உள்ளது, கட்டியைத் தின்னாதா என்று எனக்கும் தோன்றியது. ஐந்து நாளாகச் சோறு இறங்காதவளுக்கு எது சொன்னாலும் நியாயமாகத்தான் படும். மூன்று வருசம் அந்தக் காளானோடு சண்டை போட்டவர்கள் நாங்கள். அதன் பலம் எங்களுக்குத்தான் தெரியும். அப்படித் தெரிந்திருந்ததுதான் எங்களைக் கவிழ்த்தது. தென்னை இல்லாத ஊர்க்காரனுக்கு இந்தத் தப்பு வந்திருக்காது.

அண்ணன் கட்டையிலிருந்து கொத்தி வந்து, மொட்டை மாடியில் கிழங்குச் சீவல் பக்கத்தில் காயவைத்து, இடித்துக் காய்ச்சிக் கொடுத்தான். கறுப்புத் தண்ணீர். கசப்பு என்றால் வேம்பெல்லாம் பக்கத்தில் வராது. மூக்கைப் பிடித்துக் குடித்தேன். நாலைந்து நாளில் சோறு இறங்கியது. ஒரு வாரத்தில் எழுந்து நடந்தேன்.

"பாத்தியா?" என்றான் அண்ணன்.

இரண்டாவது வாரம் எழுந்து உட்காருவதும் மூன்றாவது வாரம் நடப்பதும் எனக்கு ஒவ்வொரு ஊசிக்கும் நடந்ததுதான். காளான் இல்லாமலே இரண்டு முறை நடந்தது. அதை நானும் மறந்துவிட்டேன், அவனும் மறந்துவிட்டான். நம்ப ஆசைப்படுகிறவர்களுக்கு நாள்காட்டி கண்ணில் படுவதில்லை.

நாலாவது ஊசிக்குப் போனோம். போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கல்லீரல் அளவு ரொம்ப ஏறியிருக்கே. இதுவரைக்கும் சரியா இருந்துச்சு. வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, கஷாயம், பொடி?"

அண்ணன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"இல்லைங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். நாட்டு மருந்து தின்பதை டாக்டரிடம் சொல்லக் கூடாது. திட்டுவார், அனுப்பிவிடுவார், அவருக்கு அது பிடிக்காது. மாப்பிள்ளை வீட்டில் ஜாதகக் குறையை மறைப்பது மாதிரி மறைப்போம். நம் உடம்புக்குள் என்ன போகிறது என்பதை, உடம்பைப் பார்க்கிறவரிடமே மறைப்போம். இதைவிட அறிவுகெட்ட மரியாதை உலகத்தில் கிடையாது.

"இந்த அளவுல ஊசி போட முடியாது. இறங்கட்டும். அடுத்த வாரம் வாங்க, பார்க்கலாம்" என்றார்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எட்டில் மூன்றுதான் முடிந்திருந்தது. அண்ணன் டீ வாங்கி வந்து, "நல்லதுதான். சாமியாப் பாத்து ஊசிய நிறுத்திருச்சு. காளான் வேலை செய்யறப்ப எதுக்கு அந்தக் கருமம்?" என்றான்.

ஊசியை நிறுத்தியது சாமி இல்லை, காளான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீயை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அடுத்த ஆள் உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"பொய் சொல்லிப்போட்டேனுங்க. பதிமூணு நாளா காளான் கஷாயம் குடிச்சேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "எந்தக் காளான்?"

"தென்னங்கட்டையில மொளைக்கிறது."

"இன்னைக்கே நிறுத்துங்க. வர்றப்ப அதைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்."

அடுத்த வாரம் மஞ்சப்பையில் மூன்று துண்டு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மேசைமேல் செய்தித்தாளை விரித்து வைத்தேன். அவர் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டார். அதன் அடியில், கட்டையோடு ஒட்டியிருந்த இடத்தில், நீலமாக ஒரு பொருக்கு இருந்தது.

"இது என்ன?"

அது மயில்துத்தம். நான் என் கையால் பூசியது. அந்தக் காளானைக் கொல்வதற்காகப் பூசியது. வேரில் மருந்து கட்டினால் ஒன்றரை மாதம் காய் பறிக்கக் கூடாது என்று ஊருக்கே சொல்பவள் நான். விஷம் பூசிய கட்டையில் வளர்ந்ததை வேகவைத்துக் குடிக்கும்போது அது என் மண்டையில் ஏறவே இல்லை.

சொன்னேன்.

"கல்லீரல் ஏறினது காளானாலயா, துத்தத்தாலயா, ரெண்டும் சேர்ந்தான்னு என்னால சொல்ல முடியாது. காளான் பொடி தனியாச் சாப்பிட்டே கல்லீரல் கெட்டவங்க இருக்காங்க" என்றார்.

"அப்ப அந்த நோட்டீசுல போட்டிருக்கறது பொய்யுங்களா?"

"முழுப் பொய்யா இருந்தா எனக்கும் சுலபம்" என்றார். "இந்த மாதிரிக் காளானுக்குள்ள இருக்கிற சில பொருளைப் பிரிச்செடுத்து, கண்ணாடித் தட்டுல வளர்க்கிற புற்றுச் செல் மேல விட்டா, செல் சாகுது. அது உண்மை. நிறையப் பேர் அதை வெச்சு ஆராய்ச்சி பண்றாங்க. ஜப்பான்ல வேற ஒரு காளான்ல இருந்து எடுத்த பொருளைச் சில புற்றுக்கு ஊசியோட சேர்த்துக் கொடுத்திருக்காங்க. ஊசியோட சேர்த்து. ஊசிக்குப் பதிலா இல்ல. தட்டுல செல்லைக் கொல்றது பெரிய விஷயம் இல்லம்மா. உங்க துத்தத்தை ஊத்தினாலும் தட்டுல செல் சாகும். ஆளை விட்டுட்டுக் கட்டியை மட்டும் கொல்லணும். அங்கதான் கஷ்டம்."

பிறகு, என் ஃபைலை மூடியபடி, சாதாரணமாக ஒன்று சொன்னார். "உங்களுக்குப் போட்ட சிவப்பு மருந்து எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? மண்ணுல இருக்கிற ஒரு நுண்ணுயிர் செய்யற பொருள். அடுத்த நாலு ஊசி ஒரு மரத்துப் பட்டையில இருந்து கண்டுபிடிச்சது. அந்த மரத்துக்குள்ளயே குடியிருக்கிற ஒரு பூஞ்சைகூட அதே பொருளைக் கொஞ்சம் செய்யுதுன்னு பின்னால கண்டுபிடிச்சாங்க."

மண். மரப்பட்டை. பூஞ்சை. இங்கிலீசு மருந்து ஆளை உருக்கும் என்று சொல்லிவிட்டு ஒருத்தி என் வீட்டில் காபி குடித்தாளே, அந்த மருந்து மண்ணிலிருந்து வந்ததாம். இயற்கை என்று டப்பாவில் எழுதியிருக்கிறதே, அதற்கு அளவு கிடையாது, சோதனை கிடையாது, கேட்பாரும் கிடையாது.

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் ஜவ்வரிசி மில் வாசம். மரவள்ளித் தழையைப் பசியோடு இருக்கிற ஆடு மேய்ந்துவிட்டால் வயிறு ஊதி அங்கேயே விழும். எங்கள் வீட்டிலேயே இரண்டு ஆடு அப்படிப் போயிருக்கிறது. அதே செடியின் கிழங்கை அரைத்து, கழுவி, பால் எடுத்து, தெளியவைத்து, வறுத்தெடுத்த ஜவ்வரிசியில்தான் ஊரெல்லாம் பாயசம் வைக்கிறது. செடி நல்லதா கெட்டதா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. மில்லில் என்ன செய்தார்கள் என்றுதான் கேட்போம். இந்தச் சின்ன விஷயம் கிழங்கில் தெரிகிறது, காளானில் தெரியவில்லை.

அந்த வாரம் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தான். கூடவே மாமாவையும் கூட்டி வந்தான். மூன்று ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைக் கேட்காமலே, என் உயிரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

"மூணு ஊசியில பாதி ஆளாயிட்டா. இன்னும் அஞ்சு போட்டா மீதியும் போயிரும்" என்றான் அண்ணன்.

"கட்டையில வெட்டுனதெல்லாம் ஆகாதுங்க" என்றார் மாமா. "கம்பெனிக்காரன் மரத்தூள்ல சுத்தமா வளர்க்கறான். நம்ம டப்பாவ ஒரு ஆறு மாசம் தின்னு பாக்கட்டும். அதுக்கப்புறம் ஊசியப் பத்தி யோசிக்கலாம்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு மாசம்தானே…" என்று இழுத்தார்.

நான் சமையல்கட்டிலிருந்து வந்தேன். தலையில் துண்டுகூடக் கட்டவில்லை. மொட்டைத் தலையோடு நடுவில் வந்து தரையில் உட்கார்ந்தேன்.

"ஏனுங் மாமா, இந்தக் காளானக் கொல்றதுக்கு எனக்கு மருந்து வித்தது யாரு?"

"நாந்தான்."

"இப்ப இதையே மருந்துன்னு விக்கறதும் நீங்கதானே?"

"அது தென்னைக்கு ஆகாது அம்மிணி. மனுசனுக்கு ஆகும்."

"அந்த மருந்த வித்தீங்களே, அதுக்கு ரசீது இருந்துச்சு. எத்தனை மில்லி, எந்த மரத்துக்கு எவ்வளவுன்னு கம்பெனி எழுதிக் கொடுத்துச்சு. இந்த டப்பால என்ன எழுதியிருக்குது? என்னைய மாதிரி ஊசி போடறவளுக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்குதா? கல்லீரல் கெட்டா யார்கிட்டப் போறதுன்னு எழுதியிருக்குதா? தென்னைக்குக் குடுத்த மரியாதையாவது எனக்குக் குடுங்க."

அவர் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாகப் படிக்கிறவர் மாதிரி பார்த்தார்.

அண்ணன் பக்கம் திரும்பினேன். "நீயும் நானும் வேர்ல மருந்து கட்டுனோம். கட்டுன மரமெல்லாம் ஒரு மாசம் மட்டையத் தொங்கப் போட்டுச்சு. நீ பையை அவுத்தியா?"

அவன் மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

"கேக்கறேன், சொல்லு. அவுத்தியா?"

"இல்ல."

"தென்னை மரத்துக்கு அவுக்காதவன், என்ற கையில இருக்கறத மட்டும் எதுக்கு அவுக்கச் சொல்ற?"

"மரம் வலிக்குதுன்னு கத்தாது, புள்ள. நீ கத்தறத என்னால கேக்க முடியல" என்றான் அண்ணன். அவன் சொன்னது உண்மை. அன்றைக்கு என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை இறக்க நான் விடவில்லை.

"கத்துவேன். காதை மூடிக்கிட்டுக் கூட வா. எட்டும் போடுவேன். எவனும் வரலைன்னா பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்குவேன்."

வீட்டுக்காரர்தான் எழுந்தார். "அறுநூறு அடி போறதுன்னு பேசிட்டு, முந்நூறுல புழுதியாப் பறக்குதுன்னு ராடை உருவுனா, அது வெறும் குழி. எட்டுன்னா எட்டு" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஆறு மாதம் என்று இழுத்த அதே ஆள். அதை அப்போது நான் சொல்லிக்காட்டவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

கல்லீரல் இறங்க மூன்று வாரம் ஆனது. நாலாவது ஊசி போட்டார்கள். அப்புறம் மரப்பட்டை மருந்து நாலு. அதில் கை கால் விரல்களெல்லாம் மரத்துப்போகும். சட்டைப் பட்டன்கூடப் போட வராது. இன்றைக்கும் வலதுகால் விரல் இரண்டில் உணர்ச்சி கம்மி. கரண்ட் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது. நோய் திரும்ப வராது என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எட்டு மட்டும்தான் என் கையில் இருந்தது. எட்டையும் முடித்தேன். கிணற்றோரக் கட்டைகளை வீட்டுக்காரர் ரிக்கில் பழகிய இரண்டு பேரைக் கூட்டி வந்து பாறையோடு பெயர்த்து எரித்தார். அண்ணன்தான் கொள்ளி வைத்தான்.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். முடி ஒரு விரல் நீளம் வளர்ந்திருந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை காலை உரக்கடை மாமா திரும்ப வந்தார். பின்னால் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ராசிபுரத்தில் பட்டுத் தறி நெய்கிறவள். முந்தானையை மார்பில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அந்தச் சுற்றலைப் பார்த்ததும் எனக்கு விசயம் புரிந்துவிட்டது. நானும் இரண்டு மாதம் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இவியளப் பாருங்க" என்றார் மாமா அவளிடம், என்னைக் காட்டி. "நம்ம காளான் சாப்பிட்டவிய. இப்ப எப்படி நிக்கறாங்க பாருங்க."

என் எட்டு ஊசி, என் வாய்ப்புண், என் மரத்த விரல்கள் எல்லாவற்றையும் எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். கையில் விளக்குமாறு இருந்தது. கீழே போட்டேன், இல்லாவிட்டால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

"மாமா, நீங்க வெளிய வேப்பமரத்தடியில நில்லுங்க" என்றேன்.

"ஏன் அம்மிணி, நானும்…"

"நில்லுங்கன்னேன்."

போய் நின்றார். நான் பீரோவிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். ஒவ்வொரு ஊசித் தாளாகத் திருப்பிக் காட்டினேன். நாலாவது தாளில் 'கல்லீரல் காரணமாகத் தள்ளிவைப்பு' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"காளான் எனக்குச் செஞ்சது இது ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் இந்தத் தாளு செஞ்சது."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். படிக்கிறாளா சும்மா பார்க்கிறாளா தெரியவில்லை.

"உங்களுக்கு எத்தன நாளா இருக்குது?" என்று கேட்டேன்.

"தைப்பொங்கலுக்குத் தெரிஞ்சுது."

அப்போது ஆடி மாதம். நான் திட்ட வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

"ரொம்ப வலிக்குமுங்களா?" என்றாள்.

"வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். நாய்படாத பாடு."

"முடி?"

தலைத் துண்டை அவிழ்த்தேன். "தொட்டுப் பாருங்க."

அவள் தயங்கிக் கையை நீட்டினாள். தறி இழை ஓட்டிப் பழகிய விரல்கள், ரொம்ப மெதுவாகத் தொட்டன. "சுருட்டையா வந்திருக்குது" என்றாள்.

"முன்ன நேர்முடிதான். இது புதுசு. சும்மா கெடைச்சது."

முதல் தடவையாகச் சிரித்தாள். கிளம்பும்போது மாமா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம், "நீங்க போங்க. நான் பஸ்ஸுல போயிக்கறேனுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எனக்குச் சேலத்தில் செக்கப். ராசிபுரத்திலிருந்து எங்கள் ஊர் வழியாக வருகிற காலைப் பஸ்ஸில் ஏறுவேன், வந்தால் ஒரு சீட் பிடித்து வையுங்கள், டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வருவாள் என்று நான் நம்பவில்லை. கோபக்காரி பேச்சைக் கேட்டு யாரும் பஸ் ஏறுவதில்லை.

பஸ் வந்தது. கூட்டம். ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். நாலாவது வரிசை ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சீட்டில் ஒரு துணிப்பை. ஒரு காலேஜ் பையன் அதைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்க்க, "ஆளு வருதுங்க, ஆளு வருது" என்று பையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றாள்.

உட்கார்ந்தேன். பை என் மடிக்கு வந்தது. உள்ளே ஏதோ கலகலவென்றது. பார்த்தேன். வெள்ளை டப்பா. பாதி தீர்ந்திருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "இப்பத் திங்கறதில்லைங்க. டாக்டர்கிட்டக் காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன். மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்" என்றேன். "எத்தன நாள் தின்னீங்கன்னும் சொல்லணும். கம்மியாச் சொன்னீங்க, நானே எந்திரிச்சுச் சொல்லிப்போடுவேன்."

"சொல்றேனுங்க" என்றாள். கண்டக்டர் வந்தார். இரண்டு சேலம் டிக்கெட் கேட்டேன்.